6 இலக்க எண்ணுக்காக இரண்டு நாள் அலைச்சல்

ஆபீஸ் மென்பொருளில் லாகின் ஆக முடியாமல் இரண்டு நாள் வீணாகிவிட்டது. அதுவும் டைம்ஷீட் போட வேண்டிய கடைசி இரண்டு நாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை பாஸ்வேர்டு சரியாகப் போனது. அடுத்து, போனில் ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டும் 6 இலக்க எண். போட்டேன், தவறு என்றது. அடுத்த எண் மாறும்வரை காத்திருந்து போட்டேன், அதுவும் தவறு. ஐந்தாவது முறை கணக்கே பூட்டிக்கொண்டது.

ஹெல்ப்டெஸ்க்கில் எடுத்தவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்கவே இல்லை. "ஆப்பை டெலிட் பண்ணிட்டு மறுபடி போடுங்க சார், சரியாயிடும்" என்றார். நம்பிச் செய்தேன். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்த எண்களை உருவாக்கும் ரகசியச் சாவி ஆப்புக்குள்தான் இருக்கிறது. பேக்கப் இல்லாமல் நீக்கினால் சாவியும் சேர்ந்தே போய்விடும். எனக்கு அதுதான் நடந்தது.

மறுபடி கூப்பிட்டால் அதே ஆள், "ரீசெட்டுக்கு மேனேஜர் ஒப்புதல் வேணும், டிக்கெட் போடுங்க" என்கிறார். டிக்கெட் போடவும் அதே லாகின்தான் வேண்டும்! கடைசியில் பக்கத்து இருக்கை நண்பர் தன் கணக்கிலிருந்து எனக்காகப் போட்டுக் கொடுத்தார். மேனேஜர் அன்று லீவு. திங்கள் அப்படியே போனது.

செவ்வாய் காலை ஒப்புதல் கிடைத்து, புது க்யூஆர் கோடும் வந்தது. ஸ்கேன் செய்து எண்ணைப் போட்டால் மறுபடியும் தவறு. அழுகையே வந்துவிட்டது.

இந்த முறை ஹெல்ப்டெஸ்க்கில் பேசியவர் வேறொரு பெண். அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், உங்க போன்ல மணி என்ன, கம்ப்யூட்டர்ல என்ன?" போனில் 11:20, கம்ப்யூட்டரில் 11:15. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைதான் போன் கடிகாரத்தை 5 நிமிடம் தள்ளி வைத்திருந்தேன். அந்த எண் ரகசியச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து போனிலும் சர்வரிலும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது, இரண்டும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடும். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். சில விநாடி வித்தியாசத்தை சர்வர் பொறுத்துக்கொள்ளும். 5 நிமிடம் என்றால் என் போன் 10 எண்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தை 'தானியங்கி'க்கு மாற்றினேன், உடனே ஏற்றுக்கொண்டது. திங்களன்றே யாராவது இதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

உள்ளே போனால் இன்னொரு தடை: 'வேறு கணினியில் ஏற்கெனவே லாகின் ஆகியுள்ளீர்கள்.' வெள்ளிக்கிழமை மீட்டிங் அறைக் கணினியில் வேலை முடிந்ததும் விண்டோவை மட்டும் மூடிவிட்டு வந்திருந்தேன். மூடினால் திரைதான் போகும். சர்வரில் செஷன், அதாவது நாம் லாகின் ஆகியிருக்கும் நிலை, உயிரோடு இருக்கும். சில மென்பொருள்கள் சிறிது நேரத்தில் தாமாக முடித்துவிடும், எங்களுடையது முடிப்பதில்லை. பொதுக் கணினி என்றால் லாகவுட் பட்டனை அழுத்தி, லாகின் பக்கம் திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். நல்லவேளை, அந்தப் பெண்ணே பழைய செஷனை முடித்துக் கொடுத்தார்.

அப்புறம் பேக்கப் கோடுகள், அதாவது ஆப் கைகொடுக்காதபோது லாகின் ஆக முன்கூட்டியே தரப்படும் எண்கள். அவற்றை போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பயனில்லை. போன் போனால் அதுவும் போகும். நான் தாளில் அச்சிட்டு வீட்டு அலமாரியில் பூட்டி வைத்துவிட்டேன்.

டைம்ஷீட் செவ்வாய் மாலை 4:40-க்குப் போய்ச் சேர்ந்தது. கெடு 5 மணி.