வாகைகுளத்திலிருந்து மீனம்பாக்கம் வரை 528 கிலோமீட்டர்

விமான நிலையம் போக 30 கிலோமீட்டர் கார் பயணத்துக்கு 1,800 ரூபாய் கொடுத்த எரிச்சல் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

நண்பனின் தங்கை திருமணத்துக்காகப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். போகும்போது ரயில், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மறுவீட்டன்று பரிமாறிய சொதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முருங்கைக்காயும் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலில் கிடக்க, பக்கத்தில் காரம் தூக்கலான இஞ்சித் துவையல். மூன்றாம் முறை சோறு வாங்கியதற்கு நான் வெட்கப்படவில்லை.

சாப்பாடு முடிந்து திண்ணைக்கு வந்ததும், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியரான நண்பனின் தந்தை, "ஆகாச வழியில மெட்ராஸ் எத்தனை கிலோமீட்டர்டே?" என்று கேட்டார். கைப்பேசியில் ஊர்ப் பெயர்களைத் தட்டினேன். 550க்கும் மேல் காட்டியது. "அது ஊரு நடுவுல இருந்துல்லா அளந்திருக்கு, நீ ஏறப்போறது வாகைகுளத்துல" என்றவர், மொய்க் கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். திருநெல்வேலியில் விமான நிலையம் இல்லை என்பதும், தூத்துக்குடி நிலையம் இருக்கும் வாகைகுளம் ஏறக்குறைய அதே அட்சரேகையில் நேர் கிழக்கே இருக்கிறது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வாகைகுளம் 8.72 பாகை வடக்கு, 78.03 கிழக்கு, சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 4.27 பாகை, பாகைக்கு 60 கடல் மைல் என்றால் 256. தீர்க்கரேகை வித்தியாசம் 2.14 பாகை, வடக்கே போகப்போகத் தீர்க்கரேகைகள் நெருங்குவதால் அட்சரேகையின் கொசைனால் பெருக்கிக் குறைக்க, 126. பிதாகரஸ் தேற்றத்தில் போட்டால் 285 கடல் மைல், 1.852 ஆல் பெருக்கினால் 528 கிலோமீட்டர். உருண்டையான பூமிக்குரிய ஹேவர்சைன் சூத்திரத்தை வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டர்தான் கூடியது. மொய்க் கவருக்கு இது பெரிய வெற்றி.

என் டிக்கெட் 4,200 ரூபாய். ஆக, வானத்தில் கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். தரையில் அறுபது! நான்குவழிச் சாலையில் அரைமணி நேர ஓட்டத்துக்கு இவ்வளவா என்று கேட்டதற்கு, "திரும்ப வெறும் வண்டியால்லா வரணும் சார்" என்றார் ஓட்டுநர். அப்படிப் பார்த்தாலும் முப்பது ரூபாய். தூத்துக்குடிப் பேருந்தில் ஏறி வாகைகுளத்தில் இறங்கியிருக்கலாம். இரண்டு கிலோ அல்வாவும் சூட்கேஸும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கையில் சுமை குறைவென்றால் பேருந்தில் போங்கள். காரென்றால் முந்தின நாளே வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள்.

விமானம் இரட்டை விசிறி வைத்த ஏ.டி.ஆர். இறக்கை மேலே இருப்பதால் சன்னலை எதுவும் மறைக்கவில்லை. கிளம்பிய சற்று நேரத்தில் உப்பளங்கள் கட்டம்கட்டமாக வெளுத்துத் தெரிந்தன. சென்னையை நெருங்கியதும் இறங்க இடம் கிடைக்காமல் கடலுக்கு மேல் இரண்டு வட்டம் போட்டது. கவர்க் கணக்கில் சேராத அந்தத் தூரத்துக்கு யாரும் என்னிடம் கூடுதலாகக் காசு கேட்கவில்லை.