வாரம் 2 ஊசி, 14 மாதம்

பால் அடிப்பிடித்தால் எனக்குத் தெரியாது. பிறவியிலேயே வாசனை அறியாத மூக்கு. 19 வயதாகியும் மீசை அரும்பாமல், குரல் உடையாமல் இருந்தபோதுதான் வீட்டில் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். கால்மன் சிண்ட்ரோம் என்றார். கருவிலேயே மூக்குப் பக்கமிருந்து மூளைக்குள் நகர வேண்டிய நரம்பணுக்கள் வழியில் நின்றுவிடுகின்றன. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை போவதில்லை, விதைகள் வேலையைத் தொடங்குவதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டார்கள். மீசையும் குரலும் வந்தன.

அந்த ஊசியால் விந்தணு உண்டாகாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. கல்யாணமாகி 2 வருடம் கழித்து, விந்துப் பரிசோதனையில் பூஜ்ஜியம் என்று வந்தபோதுதான் அறிந்தேன். உடல்நலம் உள்ளவருக்குக்கூட வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் பிட்யூட்டரி அடங்கி விந்தணு குறைந்துவிடும். குழந்தை வேண்டும் என்பவர்கள் அந்த ஊசிக்கு முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிய மருத்துவர் பழைய ஊசியை நிறுத்தி ஹெச்.சி.ஜி. எழுதினார். கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோன் அது. பிட்யூட்டரி அனுப்ப வேண்டிய கட்டளையைப் போலவே விதைகளில் வேலை செய்யும். செவ்வாயும் வெள்ளியும் 2000 யூனிட். ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குப்பிகள். வெள்ளைத் தூளில் உப்புநீரை ஏற்றி, குலுக்காமல், உள்ளங்கைகளுக்கிடையே உருட்ட வேண்டும். தெளிந்ததும் தொப்புளுக்குச் சற்றுத் தள்ளித் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். முதல் மாதம் மனைவிதான் போட்டாள். பஞ்சை அழுத்தியபடி முப்பது வரை எண்ணுவாள்.

முகப்பரு வந்தது, மார்பில் வலி வந்தது, அளவைக் குறைத்தார். 5-ஆம் மாதம் டெஸ்டோஸ்டிரோன் சரியாகிவிட்டது, விந்தணு பூஜ்ஜியத்திலேயே நின்றது. விந்தணு உருவாகத் தூண்டும் இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். ஊசியும் சேர்ந்தது, ஒரு வளையல் அடகுக்குப் போனது. விந்தணு உருவாகி முதிரவே ஏறக்குறைய 70 நாளாகும், மாதாமாதம் பரிசோதித்து மனம் உடைய வேண்டாம் என்றார். 3 மாதத்துக்கு ஒருமுறைதான் போனோம்.

14-ஆம் மாதம், ஒரு மில்லிலிட்டருக்கு 30 லட்சம். குறைவுதான், இயல்பான அளவின் கீழ்வரம்பே 160 லட்சம். ஆனால் இந்த நோய் உள்ளவர்களுக்கு இவ்வளவிலேயே கரு தங்குவதுண்டு என்றார் மருத்துவர். மனைவி ஆய்வகப் படியிலேயே உட்கார்ந்து அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு வந்ததும் குப்பியை எடுத்து வெளியே வைத்தேன்.