மஞ்சப்பையும் போட்டோ பாஸும்

போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் மும்பைல வாஷிலேர்ந்து லோக்கல் ட்ரெயின்ல திரும்பிட்டு இருந்தேன், லேடீஸ் டப்பா, கோவண்டில கொஞ்சம் பேரு இறங்கினதும் ஜன்னலோர சீட் கிடைச்சுது. உக்காரப் போனா சீட்டுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு மஞ்சப்பை சொருகிக் கிடக்கு. நம்ம ஊர்ப் பக்கத்து ஜவுளிக்கடை பை, திருநெல்வேலின்னு சிவப்புல அச்சடிச்சது பாதி அழிஞ்சிருக்கு, ஒரு காது அறுந்து அதை யாரோ பச்சை நூலால சின்னச் சின்னத் தையலா தெச்சிருக்காங்க. "ஹி பிஷ்வி கோணாச்சி?", இந்தப் பை யாரோடதுன்னு எதிர் சீட்டு மராத்திக்கார மாவ்ஷி சத்தமா கேட்டாங்க, யாரும் பதில் சொல்லல, ரெண்டு பொண்ணுங்க எழுந்து கதவுப் பக்கம் போயிட்டாங்க.

ஏன் போனாங்கன்னு மும்பைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். 2006 ஜூலை 11, வெஸ்டர்ன் லைன்ல 11 நிமிஷத்துக்குள்ள ஏழு இடத்துல குண்டு, எல்லாம் வண்டியில வெச்ச பைகள்தான். அன்னைக்கு எங்க மாமா மாஹிம்லேர்ந்து நடந்தே தாராவிக்கு வந்து சேர்ந்து, ரொம்ப நேரம் யார்கிட்டயும் பேசாம உக்காந்திருந்தாரு. அதனால யாரோடதுன்னே தெரியாத பையைத் தொடாதீங்க, தள்ளி நின்னு ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆளுங்ககிட்ட சொல்லுங்க, இல்லன்னா ரயில்வே ஹெல்ப்லைன் 139-க்கு போன் பண்ணுங்க, இதுல நான் கண்டிப்பு.

ஆனா இந்தப் பையை மடியில வெச்சிருந்தவங்களைப் பார்த்த ஒரு அம்மா அங்கேயே இருந்தாங்க. வயசான ஒரு ஆச்சி, தூங்கிட்டு வந்தாங்க, கோவண்டி வந்ததும் திடுக்குன்னு முழிச்சு இறங்கி ஓடினாங்கன்னு சொன்னாங்க. அப்புறம்தான் நான் பையைத் தொறந்தேன்.

கைக்குட்டையில சுருட்டி முடிச்சுப் போட்ட கொஞ்சம் பணம், மாத்திரை அட்டை, அதுக்கு அடியில பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ள பழைய ரேஷன் கார்டு, பழுப்பேறின கரண்ட் பில்லு, ஒரு போட்டோ பாஸ். கருப்பு வெள்ளைப் படம், ஒரு மனுசன், பக்கத்துல தலையில முக்காடு போட்ட சின்ன வயசுப் பொண்ணு, விலாசம் தாராவி. எனக்கு கை நடுங்கிடுச்சு. பணத்தைப் பார்த்து இல்ல.

வெளியில இருக்கவங்களுக்கு இது புரியாது. 1976-ல இங்க குடிசைக் கணக்கெடுப்பு நடந்தப்போ குடிசையில இருக்கவங்களுக்கு அரசாங்கம் குடுக்க ஆரம்பிச்ச படம் போட்ட அடையாள அட்டைதான் இந்த போட்டோ பாஸ். 2000 ஜனவரி 1-க்கு முன்னாடியே தரைத்தள வீட்டுல இருந்தோம்னு காகிதத்தால காட்டினாதான் தாராவிக்குள்ளயே 350 சதுர அடி வீடு இலவசமா கிடைக்கும்னு இப்ப குடிசையை இடிச்சுப் புது வீடு கட்டற மறுசீரமைப்புத் திட்டத்துல வெச்சிருக்காங்க. 2024-ல சர்வே ஆரம்பிச்சதிலேர்ந்து எங்க ஜனம் எல்லாரும் இந்த மாதிரி ஒரு கவரைத் தூக்கிட்டுதான் அலையுது. 1992-93 மும்பை மதக் கலவரத்துல எங்க அம்மா ஒரு கையில என் அண்ணனையும் இடுப்புல ரேஷன் கார்டையும் முடிஞ்சுக்கிட்டுதான் ஓடினாங்க, நகைப் பெட்டி வீட்டுலயே கிடந்துச்சு. இன்னைக்குக் கேட்டாலும் அதுல தப்பே இல்லன்னுதான் சொல்லுவாங்க.

செம்பூர்ல இறங்கி எதிர் வண்டி பிடிச்சு கோவண்டி போனேன், பிளாட்பாரம் முழுக்க ஒரு தடவ, படிக்கட்டுக்குக் கீழ ஒரு தடவ தேடினேன், ஆச்சி இல்ல. அங்க டியூட்டில இருந்தவங்ககிட்ட என்ன கிடைச்சுதுன்னு சொல்லி என் நம்பரை எழுதிக் குடுத்தேன், பையைக் குடுக்கல.

குடுக்காததுக்குக் காரணம் இருக்கு. சில வருஷம் முன்னாடி பஸ்ல ஒரு காலேஜ் பொண்ணோட ஃபைல் கிடைச்சுது, ஒரிஜினல் மார்க்‌ஷீட், ஜாதி சர்டிபிகேட் எல்லாம் இருந்துச்சு. ஒரு கவுண்டர்ல குடுத்துட்டு ரசீது வாங்காம, நல்லது பண்ணிட்டோம்னு நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போய்க் கேட்டா அப்படி ஒண்ணு வந்ததே தெரியாதுங்கறாங்க. அந்தப் பொண்ணு முகம் மார்க்‌ஷீட் போட்டோவுல பார்த்தது, இப்பவும் மறக்கல. அதுக்காக ஸ்டேஷன்ல குடுக்காதீங்கன்னு சொல்லல, ஆர்பிஎஃப் ஆபரேஷன் அமானத்னு ஒண்ணு வெச்சு தொலைஞ்ச சாமானை எல்லாம் திருப்பிக் குடுக்கறாங்க, விலாசமே இல்லாத பொருளுக்கு அதுதான் சரியான இடம். ஆனா குடுத்தா எழுதி வாங்குங்க, தேதி, நேரம், உள்ள என்னென்ன இருந்துச்சுன்னு.

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லுது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 71-வது பிரிவு, கிடந்த பொருளை எடுத்து நீங்க வெச்சுக்கிட்டா, ஒருத்தர் நம்பி ஒப்படைச்ச பொருளைப் பார்த்துக்கற பொறுப்பு உங்களுக்கு வந்துடும். கீழ கிடந்துச்சு எடுத்தேன், அதனால என்னோடதுன்னு சொல்ல முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டம், அதான் ஐபிசி, 403-வது பிரிவுல ஒரு உதாரணமே இருக்கு, விலை உயர்ந்த மோதிரம் கிடைக்குது, யாருதுன்னு தேடிக்கூடப் பார்க்காம உடனே வித்துட்டா அது குத்தம். 2024 ஜூலைலேர்ந்து அது ஐபிசிக்குப் பதிலா வந்த புதுச் சட்டம் பிஎன்எஸ்ல 314-வது பிரிவு, குறைஞ்சது ஆறு மாசம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் ஜெயில், அபராதமும் உண்டு. போன் கிடைச்சாலும் இதேதான், ஆஃப் பண்ணாம சார்ஜ்ல போட்டு வைங்க, தேடறவங்க கூப்பிடுவாங்க.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடலாம், பத்தே நிமிஷத்துல ஆள் கிடைக்கும்னான். நான் விடல. பேரும் விலாசமும் போட்டோவும் நூறு குரூப்புக்குப் போனா நான்தான் சொந்தக்காரன்னு யாரு வேணா வரலாம், இந்தக் காகிதத்துக்கு இப்ப என்ன மதிப்புன்னு தெரிஞ்சவன் கண்டிப்பா வருவான். ஆதார் கார்டு கிடைச்சா அப்படியே படம் எடுத்து ஸ்டேட்டஸ்ல போடறவங்களும் தயவு செஞ்சு யோசிங்க, உதவின்னு நினைச்சு அவங்க நம்பரை ஊருக்கே குடுக்கறீங்க.

ஞாயித்துக்கிழமை அந்த விலாசத்துக்குப் போனேன். ரெண்டு பேரு எதிரெதிரா வந்தா ஒருத்தர் சுவரோட ஒட்டி நிக்கணும், அவ்வளவு சின்ன சந்து. வீடு வாடகைக்கு விட்டிருக்கு. பக்கத்து வீட்டு வாசல்ல இட்லி மாவு அரைச்சுட்டு இருந்த அக்காகிட்ட, என்ன கிடைச்சுதுன்னு சொல்லாம, இந்த வீட்டு ஆச்சி எங்க இருக்காங்கன்னு மட்டும் கேட்டேன். மக வீட்டுல, கோவண்டில, மூணு நாளா ஒரு வாய் சோறு இறங்கலையாம்னாங்க. நம்பர் வாங்கிப் பேசினேன், பை எப்படி இருக்கும்னு கேட்டேன்.

"எம்மா, காதைப் பாரு, பச்ச நூலு வெச்சு தச்சிருக்கேன்லா. கைக்குட்டையில முன்னூத்தி நாப்பது ரூவா இருக்கு, அத நீயே வெச்சுக்க தாயி. படம் போட்ட அட்ட இருக்கா? அத மட்டும் பாத்துச் சொல்லு."

அப்பதான் முடிச்சை அவுத்து எண்ணினேன், முன்னூத்தி நாப்பதுதான்.

ஒரு மணி நேரத்துல மகளோட வந்துட்டாங்க. பணத்தைப் பார்க்கவே இல்ல, போட்டோ பாஸை எடுத்து முந்தானையால ரெண்டு பக்கமும் தொடச்சாங்க. ஆச்சி, இதை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துட்டு ஒரிஜினலை வீட்டுல வெச்சுடுங்க, பையில தூக்கிட்டு அலையாதீங்கன்னு சொல்லி 90 ஃபீட் ரோட்டுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரத் தம்பி குடுங்க பாட்டின்னு கை நீட்டினான், இவங்க குடுக்கல. கவுண்டருக்கு உள்ள போய், தானே அட்டையைக் கண்ணாடி மேல வெச்சு மூடி, மூணு காப்பியும் வர்ற வரைக்கும் மூடி மேல வெச்ச கையை எடுக்காம நின்னாங்க.