ஒற்றை வரி பில்

போன சித்திரையில் வரி நிரப்பப் போனபோது, கனடாவில், ஸ்காபரோவில் எங்களுக்கு வழக்கமாகச் செய்து தருகிற அண்ணையிடம், என் விவாகரத்துக்கும் பிள்ளைக்கான பராமரிப்புப் பணத்துக்கும் வழக்காடிய லோயரின் பில்லையும் நீட்டினேன். எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரியோடு 9,040 டொலர். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "தங்கச்சி, பிள்ளைக்காசுக்கு நீங்கள் வரி கட்டுறேல்லை. வரி இல்லாத காசுக்குச் செலவு கழிக்க ஏலாது." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அது சுத்தப் பிழை. பிள்ளைக்கான பராமரிப்புப் பணத்தைப் பெறவோ, கூட்டிக் கேட்கவோ, நிலுவையை அறவிடவோ கட்டிய சட்டக் கட்டணத்தை, பணம் பெறுகிறவர் வரிப் படிவத்தின் 22100ஆம் இலக்கத்தில் கழிக்கலாம். கனடா வருமானவரித் திணைக்களமான சி.ஆர்.ஏ.யின் பி102 கைநூலிலேயே இருக்கிறது. கொடுக்கிறவருக்கு அது கிடையாது. (என் முன்னாள் கணவர் பிடித்த லோயர் என்னுடையவரைவிட விலை கூட. சும்மா சொல்லி வைக்கிறேன்.)

ஆவணியில் இணையத்தில் நானே திருத்தம் போட்டேன். முழு 9,040ஐயும் போட்டது என் முட்டாள்தனம். விவாகரத்துக்கும் பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்கும் போன காசு கழியாது. சி.ஆர்.ஏ.யிடமிருந்து கடிதம் வந்தது: பில், ரசீது, எதற்கு எவ்வளவு என்ற பிரிவு, 30 நாளுக்குள். என் பில்லிலோ ஒரே ஒரு வரிதான்: "குடும்ப வழக்கு, தொழில்சார் சேவை."

அரை நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி லோயர் கந்தோருக்குப் போனால், கோப்புப் பார்க்கிற பிள்ளை விடுமுறையில். அடுத்த கிழமை போனேன். வழக்கு முடிந்து கோப்பு ஸ்டோரேஜுக்குப் போய்விட்டதாம், எடுக்கக் காசு கேட்டார்கள். "கோப்பு வேண்டாம், மணிக்கணக்குத் தாளை மட்டும் தாருங்கோ, அது கம்ப்யூட்டரில் இருக்கும்தானே" என்றேன். இருந்தது. ஐந்து நிமிடத்தில் அச்சடித்துத் தந்தார்கள். இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கோப்புப் பார்க்கிற அந்தப் பிள்ளை, எந்த நேரம் எந்த வேலைக்குப் போனது என்று அந்தத் தாளை மஞ்சள் பேனையால் பிரித்துக்கொண்டு வந்தபோது ஒரு இடத்தில் நிறுத்தினேன். "0.2 மணி, டேகெயார் பற்றித் தொலைபேசி." அதைப் பிள்ளைப் பொறுப்புப் பக்கம் போட்டிருந்தார். நானும் லோயரும் பேசியது டேகெயார் செலவில் முன்னாள் கணவருடைய பங்கைப் பற்றி. அது பராமரிப்புப் பணத்தோடு சேர்ந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்குச் சண்டையா என்று பார்த்தார். பன்னிரண்டு நிமிடத்துக்கும் காசு வாங்கினீர்கள்தானே என்றேன். மாற்றினார்.

கடைசியில் பராமரிப்புப் பண வேலைக்கு 5,200, எச்.எஸ்.ரி.யோடு 5,876. நீதிமன்றம் பராமரிப்புப் பண மனுவுக்காக முன்னாள் கணவரிடமிருந்து எனக்கு வாங்கித் தந்த செலவுத்தொகை 1,500ஐக் கழிக்க வேண்டும், மறக்காதீர்கள். மிச்சம் 4,376. லோயர் கையெழுத்திட்ட கடிதத்தோடு 27ஆம் நாள் பதிவேற்றினேன். அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

வழக்கு இன்னும் நடக்கிறவர்கள் இன்றைக்கே லோயரிடம் சொல்லி, பராமரிப்புப் பண வேலைக்கு வேறாகப் பில் போடச் சொல்லுங்கள்.

அண்ணைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அப்பிடியோ" என்றார். வாங்கிய அறுபது டொலரைப் பற்றி வாய் திறக்கவில்லை.