சாமித்தோப்புக் கண்ணாடி

கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்புப் பதியின் (அய்யாவழிக்காரர்களின் கோயில்) பள்ளியறையில், அதாவது கருவறையில், சிலை கிடையாது மக்களே, கண்ணாடிதான். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு முன்னால் நிற்பார்கள். அந்த உரிமையே மறுக்கப்பட்ட சனத்துக்கு அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் தந்த தலைநிமிர்வு அது. எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளத்தில், 1888-ல் அருவிப்புரத்தில் சிவனை நிறுவிய நாராயண குருவும் 1927-ல் களவங்கோட்டில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அவர் முன்பு தவமிருந்தது நம்ம மருந்துவாழ்மலையில்!

"பதியில நிக்கும்போது வர்ற தெளிவு வீட்டுக்கு வந்ததும் போயிருதே" என்று களியக்காவிளை பஸ்ஸில் ஒரு அக்கா வருத்தப்பட்டார்.

கண்ணாடி இல்லாமலே என்னைப் பார்த்துக்கொள்ளும் என் பழக்கத்தைச் சொல்கிறேன். ராத்திரி கடை அடைத்ததும், அன்று எந்தப் பேச்சில் நெஞ்சு இறுகியது என்று நினைத்துப் பார்ப்பேன். நியாயம் யார் பக்கம் என்று தேடமாட்டேன். இறுகிய இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பெரும்பாலும் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் கிடக்கும். கடன் பயம், மதிப்பு போய்விடுமோ என்ற பயம். அது கண்ணில் பட்டபிறகு, மறுநாள் அதே ஆள் வந்து அதே பேச்சைப் பேசினாலும், பதில் சொல்வதற்குமுன் எனக்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது. தியானத்தில் வரும் ஒளி, காட்சி எல்லாவற்றையும்விட எனக்கு இதுதான் பெரிசு.

நீங்க எப்படிச் செய்றீங்க? சொல்லுங்க, படிக்க ஆசையா இருக்கு.