மல்லி வண்டி ஏறிய கதை

உத்தண்டியில் நாங்கள் குதிரை கட்டியிருந்த தோப்பை விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் மல்லியைச் செங்கல்பட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டும். மல்லி என் பெட்டைக்குதிரை, ஏழு வயசு. குதிரை ஏற்றும் வண்டியைக் கண்டாலே மூக்கு விடைத்துவிடும்.

முதல் தடவை ஏற்றப் பார்த்தது உச்சி வெயிலில். முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் இரண்டு பேர் கயிறு போட்டுத் தள்ள, அவள் முன்னங்காலைத் தூக்கி எழும்பி, நெற்றியை மேல்கம்பியில் இடித்துக்கொண்டாள். ரத்தம். அதோடு நிறுத்தினோம்.

கிண்டி ரேஸ்கோர்ஸில் பல வருஷம் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, இருந்த பாய் ஒருவரைக் கூட்டி வந்தேன். கோடை ரேஸுக்கு வருஷா வருஷம் ஊட்டிக்குக் குதிரை ஏற்றி அனுப்பிய கை. வண்டிப் பக்கமே அவர் போகவில்லை. "மொதல்ல பின்னால நடக்கக் கத்துக் குடு சார். வெளிய வர வழி தெரியாமத்தான் அது உள்ள போவ மாட்டேங்குது" என்றார்.

நாலு நாள் அதே வேலை. "பின்னால" என்றால் ஓரடி பின்வாங்க வேண்டும். வாங்கிய கணமே கயிறு தளர வேண்டும். அந்தத் தளர்ச்சிதான் அவளுக்குக் கூலி. வெல்லம் காட்டி இழுப்பதைப் பாய் ஒத்துக்கொள்ளவில்லை. கழுத்துதான் நீளும், கால் வராது என்பார். வாஸ்தவம், நானே செய்து பார்த்தவன்.

பிறகு, ஏறும் பலகை. குளம்பு பட்டால் டொம்மென்று அதிரும். அதன்மேல் தென்னைநார்ப் பாயை விரித்தோம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக குதிரைக் கண்ணுக்கு நம்மைவிட நேரமாகும். அதனால் பின்கதவைக் கிழக்கே பார்க்க வைத்து, காலை வெயில் உள்ளே விழும்போதுதான் பழக்கினோம். ஒரு கால் வைத்தாள், இறங்கினாள். இரண்டு கால், இறங்கினாள். ஒன்பதாம் நாள் நாலு காலும் உள்ளே. பத்தாம் நாள் பக்கத்தில் தென்னைமட்டை விழுந்த சத்தத்தில் எல்லாம் போச்சு. மறுபடி ஒரு காலிலிருந்து.

பாய் விட்டுக்கொடுக்காதது ஒன்று. ஏறியதும் முதலில் அவளுக்குப் பின்னால் குறுக்கே கம்பி போட வேண்டும், அப்புறம்தான் தலைக்கயிறு கட்ட வேண்டும். இறக்கும்போது கயிறு முதலில், கம்பி பிறகு. தலை கட்டியிருக்க, பின்னால் திறந்திருந்தால் குதிரை பின்வாங்கும். கயிறு பிடித்து நிறுத்தியதும் மிரண்டு துள்ளி விழும். நேர் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது, உதை வாங்கும் இடம் அது.

பதினெட்டாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். டிரைவரிடம் சடன் பிரேக் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சி, திருப்போரூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அவள் கழுத்தெல்லாம் வியர்வை. கயிற்றை அவிழ்த்து, கம்பியை எடுத்து, ஒதுங்கி நின்று "பின்னால" என்றேன். ஒவ்வொரு காலாகப் பலகையைத் துழாவி, மெதுவாக இறங்கினாள்.