கழுவுகிற வேலை: வெள்ளவத்தை பல் கிளினிக் நாட்குறிப்பு

2025 மார்ச் 4, செவ்வாய்

பின்னேரம் முதல் ஆளாக வந்தவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. வலது பக்கம் கீழே, கடைவாய்ப்பல்லுக்கு நேரே, முரசில் (ஈறில்) ஒரு சின்னப் பரு. "வரும், உடையும், போகும். நோ ஒண்டும் இல்லைப் பிள்ளை. உப்புத்தண்ணி கொப்பளிச்சா அடங்கிடும்" என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டால், தைப்பொங்கலுக்கு முதலே இருந்ததாம்.

நோகாத பல்லைத்தான் நான் கூடக் கவனிப்பேன். உள்ளே சேர்கிற சீழுக்கு வெளியே வர வழி கிடைத்துவிட்டால் அமுக்கம் ஏறாது, அமுக்கம் ஏறாவிட்டால் நோகாது. வருத்தம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து எலும்பைக் கரைத்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு பற்களில் பழைய அடைப்பு இருந்தது. எந்தப் பல் குற்றவாளி என்று பார்க்க, பருவின் வாயில் ரப்பர் மாதிரியான கட்டாபேர்ச்சா என்ற பொருளில் செய்த மெல்லிய குச்சி ஒன்றை மெதுவாக நுழைத்து எக்ஸ்ரே எடுத்தேன். குச்சி வளைந்து போய் முதலாவது கடைவாய்ப்பல்லின் பின்வேர் நுனியில் நின்றது. நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம். குளிர் வைத்துப் பார்த்தேன், அந்தப் பல்லுக்கு ஒன்றும் தெரியவில்லை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப பிடுங்கி விடுங்கோவன்."

பல் அசையவில்லை, சுவரும் நன்றாக இருக்கிறது. பிடுங்க அவசரமில்லை, வேருக்குள் நரம்பு ஓடுகிற குழாயை, அதாவது கனாலை, திறந்து கழுவிப் பார்ப்போம் என்றேன். வியாழன் வரச் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

டீச்சர் நல்ல கைத்தறிச் சேலையில் வந்துவிட்டார். கனால் கழுவுகிற மருந்துத்தண்ணீரான ஹைப்போகுளோரைட் ஒரு துளி பட்டாலும் சாயம் போய்விடும். உதவிக்கு நிற்கிற தங்கச்சி கழுத்திலிருந்து முழங்கால் வரை பிளாஸ்டிக் மேலங்கி போட்டு மூடினாள், பாதுகாப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டாள்.

அடுத்தது ரப்பர் டேம். வாய் முழுவதையும் ஒரு ரப்பர் விரிப்பால் மூடி, வேலை செய்கிற பல்லை மட்டும் ஓட்டை வழியாக வெளியே எடுப்பது. மூச்சு அடைக்காதோ என்று டீச்சர் பயந்தார். மூக்கால் விடலாம், ஏதும் சங்கடம் என்றால் கையைத் தூக்குங்கோ என்று சொல்லிப் போட்டேன். 1864 இல் நியூயோர்க்கில் பார்னம் என்ற பல் வைத்தியர் கண்டுபிடித்த சாமான் இது. இன்றைக்கும் இதைப் போடாமலே ரூட் கனால் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. உள்ளே இருக்கிற கிருமியைக் கொல்ல ஒரு மணித்தியாலம் மினக்கெடும்போது மேலே இருந்து எச்சில் புதுக் கிருமியைக் கொண்டுவந்து ஊற்றினால் என்ன பிரயோசனம்? கனாலின் உள்சுவரைச் சுரண்டுகிற ஊசி மாதிரியான சின்ன பைல் ஒன்று கை தவறி விழுந்தாலும் தொண்டைக்குள் போகாமல் இந்த ரப்பர்தான் பிடிக்கும்.

பல்லைத் திறந்ததும் நாற்றம் வந்தது. இரத்தம் ஒரு சொட்டும் இல்லை. உள்ளே இருந்த நரம்பு எப்போதோ செத்து அழுகிவிட்டது. கனால் மூன்று எதிர்பார்த்தேன். பின்வேரில் இன்னொன்று ஒளிந்திருந்தது, ஆக நான்கு. நீளம் அளக்கிற கருவியின் கம்பியைப் பைலில் மாட்டி, அது கீச்சிடும்வரை இறக்கி, ஒவ்வொன்றுக்கும் நீளத்தைக் குறித்துக்கொண்டேன்.

பிறகு நிக்கல் டைட்டேனியம் பைல்கள். படிக்கிற காலத்தில் பைல்தான் எல்லாம் என்று நினைத்திருந்தோம். கனாலின் உள்வடிவத்தை நுண் சி.டி. ஸ்கானில் பார்த்தவர்கள் சொல்வது வேறு: எந்தப் பைல் போட்டாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடப்படாமலே கிடக்கும். கனால் உருண்டைக் குழாய் என்றால் பரவாயில்லை. நீள்வட்டம், இரண்டு கனாலுக்கு இடையில் ஒரு இடுக்கு, பக்கவாட்டில் மயிரிழைக் கிளைகள் என்று அது தன் பாட்டுக்குப் போகிறது. சூரிச்சில் வோல்டர் ஹெஸ் ஆயிரக்கணக்கான பற்களின் உள்ளே ரப்பரைச் செலுத்தி, அச்செடுத்து 1917 இலேயே இதைக் காட்டிவிட்டார். பைல் பாதை வெட்டிக் கொடுக்கும், கழுவுவதை மருந்துத்தண்ணீர்தான் செய்யவேண்டும்.

நான் பாவிப்பது 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட். செத்த சதையைக் கரைக்கவும் கிருமியைக் கொல்லவும் சேர்த்துச் செய்கிற மருந்து வேறொன்றும் கையில் இல்லை. ஊசியின் முனை மூடியிருக்கும், துளை பக்கத்தில் இருக்கும். வேர் நுனிக்கு 2 மில்லிமீற்றர் முன்னாலேயே நிற்கும்படி ரப்பர் வளையத்தால் அடையாளம் வைத்து, கனாலில் இறுகாமல் மேலும் கீழும் அசைத்தபடி, ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ளவேண்டும். பெருவிரலுக்குப் பலம் கூட, அதனால் அதை விடுவதில்லை. இந்தத் தண்ணீர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனால் அந்த நிமிடமே தாங்கமுடியாத நோ, முகம் வீங்கும், தோலுக்கடியில் இரத்தம் கண்டிப்போகும். ஆகவே அவசரப்படக்கூடாது. ஒவ்வொரு பைலுக்குப் பிறகும் புதுத் தண்ணீர், ஏனென்றால் கனாலுக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே அதன் வீரியம் செலவாகிவிடும்.

முதலில் வந்தது சாம்பல் நிறக் கலங்கல். பிறகு நுரை. நுரை குறைந்து தெளிவாக வரத் தொடங்கியபோது ஒலியதிர்வுக் கம்பியை உள்ளே விட்டுத் தண்ணீரைக் கலக்கினேன். திரும்பவும் கலங்கியது! தெளிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்துகிற இடம் இதுதான். நுனியில் சிக்கியிருக்கும் காற்றுக்குமிழி தண்ணீரை அங்கே போகவிடாது, கலக்கினால்தான் விலகும். கடைசியில் 17 சதவீத ஈ.டி.டி.ஏ. என்ற கரைசல் ஒரு நிமிடம், பைல் பூசிவிட்ட துகள்படலத்தைக் கரைக்க. மறுபடி ஹைப்போகுளோரைட். காகிதக் குச்சியால் ஒற்றினேன். பின்வேரில் நுனி ஈரமாகவே வந்தது. இன்றைக்கு அடைக்க முடியாது. கல்சியம் ஹைட்ரொக்சைட்டுப் பசையை நிரப்பித் தற்காலிகமாக மூடினேன்.

ஒரே நாளில் முடிக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஆராய்ச்சிகளிலும் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஈரம் ஊறுகிற கனாலை மூட என் கை போகாது.

ரப்பரைக் கழற்றியதும் டீச்சரின் முதல் கேள்வி: "குளோரின் மணமெல்லோ அடிச்சது?" படிப்பித்தவருக்குத் தெரியாமல் போகுமா. முதலாம் உலகப்போரில், 1915 இல், டேக்கின் என்ற இரசாயனவியலாளர் காயம் கழுவ 0.5 சதவீதத்தில் தயாரித்த மருந்தின் அதே வகை என்று சொன்னேன். "அப்ப பசை?" pH 12.5, அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமி தாங்காது, ஒன்றிரண்டு பிடிவாதக்காரர் மட்டும் தப்பும் என்றேன். கன்னம் விறைத்த வாயோடு சிரித்தார். "வாய் குறுகின போத்தல் கழுவுற வேலை பிள்ளை இது. பிரஷ் போகாத மூலைக்குச் சவர்க்காரத் தண்ணியை ஊறவிடத்தானே வேணும்." இனி வருகிறவர்களுக்கு நானும் இதையே சொல்லப்போகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

நோன்பு துறந்துவிட்டு ஏழு மணிக்கு ஒரு நானா வந்தார், கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு. புறக்கோட்டையில் துணிக்கடை. "ரெண்டு ராவா தூக்கமே இல்ல டொக்டர்." இடது பக்கம் மேலே முதலாவது கடைவாய்ப்பல், விரலால் தட்டவும் விடவில்லை. பார்மசியில் கேட்டு, கிருமி கொல்லுகிற குளிசை அமொக்ஸிசிலின் ஒரு தடவை, பிறகு மெட்ரோனிடசோலோடு சேர்த்து இன்னொரு தடவை போட்டிருக்கிறார். முதல் தடவை அடங்கியதாம். திரும்ப வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? செத்த நரம்புக்கு இரத்தம் போவதில்லை, இரத்தம் போகாத இடத்துக்குக் குளிசை எப்படிப் போகும்? காய்ச்சல், முகம் வீங்கிப் பரவுதல் என்றால் நானும் எழுதிக் கொடுப்பேன். மற்றப்படி பல்லைத் திறக்கிற வேலையை மாத்திரை செய்யாது.

சீழ் கட்டிய இடத்தில் விறைப்பு ஊசியும் சரியாகப் பிடிக்காது, அங்கே அமிலத்தன்மை கூட. கூடுதலாக ஒன்று போட்டுக் காத்திருந்துதான் திறந்தேன். சீழ் பொங்கி வந்ததும் அவர் தோள் இறங்கியது தெரிந்தது. வேர் மூன்று, கனால் நான்கு. இந்தப் பல்லில் நான்காவதைத் தேடாமல் விட்டால் அங்கிருந்தே எல்லாம் மறுபடி தொடங்கும். பெருக்குக் கண்ணாடியோடு தேடிப் பிடித்தேன். கழுவி, பசை வைத்து, மூடி அனுப்பும்போது ஒன்பது மணி கடந்துவிட்டது. 25 ஆம் தேதி வரச் சொன்னேன். "வலி போச்சு டொக்டர், அல்லாஹ் உங்களுக்கு நல்லா வைக்கட்டும்" என்று போனார்.

மார்ச் 13, வியாழன்

போயா. கிளினிக் பூட்டு. ஹைப்போகுளோரைட் போத்தலில் தேதி பார்த்தேன், திறந்து கனநாள். வெளிச்சத்திலும் சூட்டிலும் இதன் பலம் இறங்கும், கொழும்பு மார்ச் வெயிலுக்குச் சொல்லவே தேவையில்லை. ஊற்றிவிட்டுப் புதிது சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

டீச்சர் பழைய சேலையில் வந்தார். கெட்டிக்காரி.

முரசில் பரு இருந்த இடம் மூடி, சின்னப் புள்ளியாக இருந்தது. அமுக்கினாலும் ஒன்றும் வரவில்லை. பசையை ஈ.டி.டி.ஏ.யாலும் ஹைப்போகுளோரைட்டாலும் கழுவி எடுத்தேன். ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்சத்தை எடுப்பது வைப்பதைவிடக் கஷ்டம். இடையில் தங்கச்சி குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினி ஊசியை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். ஹைப்போகுளோரைட்டோடு அது கலந்தால் செம்மண்ணிறத்தில் திரண்டு கனாலை அடைத்துக்கொள்ளும்.

"உது எல்லாம் பக்டீரியாவாலதான் எண்டு எப்பிடி நிச்சயமாச் சொல்லுறியள்?" என்று ரப்பர் போட முதல் டீச்சர் கேட்டிருந்தார். 1965 இல் செய்த எலிப் பரிசோதனையைச் சொன்னேன். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குப் பல்லைத் துளைத்து நரம்பைத் திறந்துவிட்டார்கள். சாப்பாடு போய் அடைத்துக்கொண்டும் அவற்றுக்குச் சீழ் கட்டவில்லை, துளைக்கு மேலே புதுப் பற்திசு வளர்ந்தது. சாதாரண எலிகளுக்கு நரம்பு அழுகி வேர் நுனியில் சீழ் கட்டியது. "கட்டுப்பாட்டுப் பரிசோதனை!" என்று மேசையில் தட்டினார்.

நான்கு கனாலிலும் காகிதக் குச்சி காய்ந்து வந்தது. கட்டாபேர்ச்சா வைத்து அடைத்துப் படம் எடுத்தேன். கறுப்பு வட்டம் இன்னும் இருக்கிறது, எலும்பு வளர மாதக்கணக்காகும். ஆறு மாதத்தில் ஒரு எக்ஸ்ரே, அதற்கு முதல் பல்லுக்கு மேலே மூடுகிற தொப்பி (கிரவுன்). தொப்பிச் செலவைக் கேட்டு மகனோடு கதைக்கவேண்டும் என்றார். கனநாள் தள்ளவேண்டாம், மேல் அடைப்பு கசிந்தால் இவ்வளவு கழுவியதும் வீண் என்று எழுதியே கொடுத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

நானா வரவில்லை. தொலைபேசி எடுத்தால், பெருநாள் வியாபாரம், கடையில் மூச்சுவிட நேரமில்லை, "வலிதான் இல்லையே டொக்டர்" என்கிறார். பல்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை வலியை வைத்து அளக்கிற ஆளுக்கு நான் இனி என்ன சொல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெருநாள் முடிந்து நானா வந்தார், பெட்டி நிறைய வட்டிலாப்பத்தோடு. தற்காலிக அடைப்பின் ஒரு மூலை உடைந்து போயிருந்தது. அதை எடுத்ததும் பழைய நாற்றம். வலி இன்னும் இல்லை. ரப்பர் போட்டு, நான்கு கனாலையும் முதலிலிருந்து கழுவினேன்: நுரை, கலங்கல், தெளிவு, கலக்கினால் மறுபடி கலங்கல். புதுப் பசை, இந்த முறை கொஞ்சம் கெட்டியான அடைப்பு.

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து 22 ஆம் தேதி அடைக்கலாம் என்றேன். "இன்ஷா அல்லாஹ், கட்டாயம் வாறன்." எதற்கும் இருக்கட்டும் என்று மகளின் இலக்கத்தையும் வாங்கிக்கொண்டேன். அவ வங்கியில் வேலை, நேரம் தவறாத ஆளாம்.